சுவரில் நாலு இஞ்ச் பைப்: எந்த மெஷின், எந்த பிட்?

குடிகாட்டுல எங்க மாமா வீட்டு பாத்ரூம் கழிவுநீர் பைப்பை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. 110 மி.மீ. பிவிசி, கடைக்காரர் பாஷையில நாலு இஞ்ச். சுவர் ஒன்பது இஞ்ச். கொத்தனார் வட்டமா பதினஞ்சு சின்ன ஓட்டை போட்டு, நடுவுல இருந்ததை உளியால தட்டி எடுத்தார். உள்பக்கம் பரவாயில்ல. வெளிப்பக்கம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. கலவை வச்சு அடைச்சோம். ஐப்பசி மழையில அந்த ஒட்டு வழியாவே தண்ணி இறங்கி, சுவர் ஊறிப்போச்சு.

மாடி பாத்ரூமுக்கும் இதே மாதிரி இன்னொரு ஓட்டை தேவைப்பட்டப்போதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

110 பைப் தாராளமா நுழைய 127 மி.மீ. ஓட்டை வேணும். இரண்டு பக்கப் பூச்சோட சுவர் சுமார் 255 மி.மீ. அப்படின்னா வெளியே வரவேண்டியது 3.2 லிட்டர், கிட்டத்தட்ட 6 கிலோ செங்கலும் கலவையும். இத்தனையையும் பொடியாக்கத் தேவையே இல்ல. 5 மி.மீ. தடிமன் உள்ள கோர் பிட், விளிம்பில ஒரு வளையத்தை மட்டும்தான் அறுக்குது. பரப்பளவில அது 15 சதவீதம். மிச்சம் முழுசா ஒரு உருளையா கையில வந்துடும். பெரிய ஓட்டைக்கு கோர் பிட்டை விட்டு வேற வழி தேடுறது வீண் வேலைங்கறது என் கருத்து.

எந்த கோர் பிட்? அதை மெஷினுக்கு முன்னாடி சுவர்தான் முடிவு பண்ணும். நம்ம மாவட்டத்துல சூளைச் செங்கலும் உண்டு, நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பல்ல செய்யற ஃப்ளை ஆஷ் கல்லும் உண்டு. இரண்டுக்கும் கார்பைடு பல் வச்ச கோர் பிட்டும் சரி, வைர கோர் பிட்டும் சரி. ஹாலோ பிளாக்னா ஹேமரை அணைச்சிடுங்க, இல்லன்னா உள்ளே இருக்கிற மெல்லிய தடுப்பு உடைஞ்சு ஓட்டை கன்னாபின்னான்னு ஆயிடும். ஏஏசி பிளாக் ரொம்ப மென்மை, ஹேமருக்கு அங்க வேலையே இல்ல. கான்கிரீட்னா தண்ணி ஊத்தி ஓட்டுற வைர பிட், அதுவும் ஸ்டாண்டில பூட்டி. ஆனா பீம், தூண், லிண்டல்ல ஓட்டை போடறதா இருந்தா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லாம கை வைக்காதீங்க.

கார்பைடு பல் சுத்தியல் மாதிரி இடிச்சு நொறுக்கும், அதனால ரோட்டரி ஹேமரோட போகும். வீட்டுல இருக்கிற சாதாரண ஹேமர் டிரில்லில இரண்டு பல்தட்டு ஒண்ணோட ஒண்ணு உரசித்தான் அதிர்வு வருது. நாம அழுத்தினாத்தான் அடி. ரோட்டரி ஹேமர்ல பிஸ்டன் காற்றை அழுத்தி அடிக்குது. அதுல சின்னது எஸ்டிஎஸ் பிளஸ், தண்டு 10 மி.மீ.; பெருசு எஸ்டிஎஸ் மேக்ஸ், தண்டு 18 மி.மீ. 127 கோர் பிட்டை பிளஸ்ல மாட்டினா அந்தத் தண்டுக்கும் கியருக்கும் அநியாயம். மேக்ஸ்தான் சரி.

வைரம் இடிக்காது, அரைக்கும். ஹேமர் மோடுல ஓட்டினா வைரத் துண்டுகள் தெறிச்சுப் போயிடும். இதுல ஒரு வேடிக்கை: கடினமான கான்கிரீட்டுக்கு வைரத்தைப் பிடிச்சிருக்கிற உலோகம் மென்மையா இருக்கணும், அப்பதான் மழுங்கின வைரம் உதிர்ந்து புதுசு தலைகாட்டும். செங்கல் தூள் அந்த உலோகத்தையே அராவித் தின்னும், அதனால அங்க கெட்டியான உலோகம். கடையில "செங்கலுக்கா, கான்கிரீட்டுக்கா?"னு கேட்டு வாங்குறது இதுக்குத்தான்.

அடுத்தது வேகம். 6 மி.மீ. பிட் 3000 ஆர்பிஎம்ல சுத்தினா விளிம்பு வேகம் நொடிக்கு 1 மீட்டர் கூட இல்ல. அதே வேகத்துல 127 பிட் 20 மீட்டர்! 600 ஆர்பிஎம்னா 4 மீட்டர், அது போதும். ஆனா 1200 வாட்டை 600 ஆர்பிஎம்ல கொடுத்தா, இழப்பைக் கழிக்காம, முறுக்குவிசை சுமார் 19 நியூட்டன் மீட்டர். பிட் திடீர்னு இறுகினா, சுத்திக்கிட்டிருக்கிற ரோட்டாரோட வேகமும் சேர்ந்து அதைவிடப் பெரிய உதை மணிக்கட்டுல விழும். பாதுகாப்பு கிளட்ச் இல்லாத மெஷினை எவ்வளவு மலிவா வாடகைக்குக் கொடுத்தாலும் வாங்காதீங்க. பக்கக் கைப்பிடியை மாட்டாம தொடங்கவும் கூடாது. ஏணி மேல நின்னு போடறதைப் பத்திப் பேசவே வேணாம்.

மாடியில வாடகைக்கு எடுத்தது கிளட்ச் உள்ள மெஷினும் உலர் வைர பிட்டும். முதல்ல கன்சீல்டு வயரிங் எங்க போகுதுன்னு பார்த்தோம். ஸ்விட்ச் போர்டிலிருந்து நேர் மேலயும் நேர் கீழயும் உள்ள பட்டையில கை வைக்கல. நீளமான மெல்லிய பிட்டால மறுபக்கம் வரைக்கும் ஒரு பைலட் ஓட்டை, வெளியே கொஞ்சம் சரிவா. எங்க பிட் 150 மி.மீ. ஆழம்தான் போகும், அதனால உள்ளேயிருந்து பாதி, அப்புறம் சாரத்துல நின்னு வெளியேயிருந்து பாதி. வெளிப்பூச்சு பெயராததுக்கு இதுதான் காரணம். பிட் பூச்சை உள்ளேயிருந்து தள்ளலியே. செங்கல் தூள்ல சிலிக்கா இருக்கு, துண்டு கட்டினா நிக்காது, என்95 மாஸ்க் போட்டுக்கிட்டோம்.

பைப்பைச் சுத்தி எட்டு மி.மீ. இடைவெளி. அதுல சுருங்காத கலவையை அடைச்சு, வெளி விளிம்புல மட்டும் சீலன்ட் விட்டோம். கீழ் பாத்ரூம்ல பழைய ஒட்டை உடைச்சு மறுபடி பூச, அந்தக் கொத்தனாரையே மாமா வரச் சொல்லியிருக்கார்.