கீரையில் புழுவா? பதறாதீங்க!

மார்கழி, தை வந்தால் போதும், அம்பத்தூர் பக்கம் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிற வீட்டம்மாக்கள், நாடி பார்த்து முடித்ததும் தவறாமல் கேட்பார்கள்: "டாக்டர், கொல்லையில கீரை போட்டிருக்கேன். இலையெல்லாம் ஓட்டை ஓட்டையா போயிடுச்சு. என்ன மருந்து அடிக்கலாம்?"

மருந்துக்கு அவசரப்படாதீர்கள். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். இலைகள் நூலால் பின்னினாற்போல் ஒட்டி, உள்ளே பச்சைப் புழு இருந்தால் அது இலையைப் பிணைக்கும் புழு. இளந்தண்டில் கூட்டம் கூட்டமாக, பிசுபிசுவென்று அப்பியிருந்தால் அசுவினி. யூரியாவை அள்ளிப் போட்டிருந்தீர்களானால் இலை கொழுகொழுவென்று வளரும்; அசுவினிக்குக் கல்யாண விருந்துதான்!

இரண்டு பாத்திக்கு உங்கள் கையே போதும். பின்னிய இலைகளைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அசுவினி மீது குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். விடியற்காலையில் பனி ஈரம் காய்வதற்குள் சலித்த விறகுச் சாம்பலைத் தூவலாம். பொறிவண்டைக் கண்டால் விட்டுவிடுங்கள், அசுவினிதான் அதற்குச் சாப்பாடு. அதன் புழு கறுப்பாக, குட்டி முதலை மாதிரி இருக்கும். பூச்சியென்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள், பாவம்.

அப்படியும் அடங்கவில்லையா? 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் கட்டி, 1 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். பிழிந்து வடிகட்டி, துளி சோப்பு கரைத்து, சாயங்காலமாகத் தெளியுங்கள். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் சீக்கிரம் போய்விடும். தெளித்தபின் ஐந்து நாளாவது அந்தக் கீரையைப் பறிக்காதீர்கள்.

"இயற்கைதானே" என்று சிலர் புகையிலையை ஊற வைத்துத் தெளிக்கிறார்கள். கூடவே கூடாது! நிகோடின் கடும் விஷம், தோல் வழியாகவே உடம்பில் ஏறும். கத்தரிக்காய், முருங்கைக்காய் மாதிரி இல்லை கீரை. தெளித்தது விழுகிற இலையைத்தான் நாம் அப்படியே சாப்பிடுகிறோம். வேப்பெண்ணெயும் லேசுப்பட்டதல்ல. குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுத்து வலிப்பு, மயக்கம், உயிரிழப்பு வரை போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. பாட்டிலை அடுக்களையில் வைக்காதீர்கள்.

கடையில் ஏதாவது வாங்கி அடித்துவிடலாம் என்கிற நினைப்பும் வேண்டாம். மோனோகுரோட்டோபாஸை காய்கறிப் பயிர்களுக்கு அடிக்க 2005-லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. அது சாறோடு சாறாக இலைக்குள் ஏறிவிடும், எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. 2013-ல் பீகாரில் மதிய உணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகளின் உயிரைக் குடித்தது இதே விஷம்தான், சமையல் எண்ணெயோடு கலந்து போய்.

பறித்த கீரையை உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் போடுங்கள். ஒட்டியிருக்கும் சின்னப் புழுக்கள் பிடி விட்டு வரும். பிறகு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி, மிளகு, சீரகம் சேர்த்து மத்தியானத்துக்கே மசியுங்கள். ராத்திரியில் கீரை வேண்டாம்.