தெம்பான கோழி, ஈயம் ஏறிய முட்டை

கல்வராயன் மலையில் கரியாலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நாட்டுக் கோழிக்கென்று தனியாகத் தீவனம் வாங்குபவர்கள் குறைவு. விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் அது தன் பாட்டுக்குக் கிளம்பிவிடும். குப்பைமேடு, சாமை புடைத்த களம், மரவள்ளித் தோல் கொட்டிய மூலை, வீட்டுச் சுவரோரம் என்று பொழுது சாயும்வரை கிளறித் திரியும். இரையோடு மண்ணும் கூடவே உள்ளே போகும். போயாக வேண்டும். பல் இல்லாத பறவைக்கு மணலும் பொடிக்கல்லும்தான் பல். அரைவைப்பையில் தங்கி, விழுங்கிய தானியத்தை அரைத்துக் கொடுப்பவை அவைதான்.

அந்தக் கற்களுக்கு நடுவே ஈயத் துணுக்கு ஒன்று போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? முன்னிரைப்பையில் சுரக்கும் அமிலம் இறங்கிக்கொண்டே இருக்கும். துணுக்கு கல்லோடு உரசித் தேயும், தேயத் தேயக் கரையும், கரைந்தது ரத்தத்தில் ஏறும். ஒரு துணுக்கு பல நாள் இப்படியே உள்ளே கிடந்து விஷம் கசியும்.

இதற்குப் பக்கத்தில் ஆலையோ சுரங்கமோ இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிறிய பண்ணையில் நடந்ததே சாட்சி. அங்கே பழைய கட்டடங்களில் பூசியிருந்த ஈயம் கலந்த பெயின்ட் உரிந்து விழுந்துகொண்டிருந்தது. கோழிகள் அதைக் கொத்தித் தின்றன. இருபது பெட்டைக் கோழிகளை அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை நோயறி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றுகூட நோயாளியாகத் தெரியவில்லை. அவற்றில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து ஒன்பது நாள் ஆராய்ந்தார்கள். மஞ்சள் கருவில் கிலோவுக்கு 400 மைக்ரோகிராம் வரை ஈயம். ஓட்டில் 450 வரை. சிறுநீரகத்தில் 10,000 மைக்ரோகிராமுக்கும் மேல். வெள்ளைக் கருவில் மட்டும் அகப்படவில்லை. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு ஏறியிருந்ததோ அதற்கேற்ப மஞ்சள் கருவிலும் ஏறியிருந்தது. 2003இல் வெளியான இந்த ஆய்வில் எண்களைவிட உறைக்கும் செய்தி ஒன்று உண்டு: அந்தக் கோழிகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக் கொல்லைப்புறக் கோழிகளை ஆராய்ந்து மெக்குவாரி பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட முடிவும் இதே திசையில்தான் போகிறது. கடையில் விற்கும் முட்டையைவிட வீட்டு முட்டையில் சராசரியாக 40 மடங்குக்கு மேல் ஈயம் இருந்தது. வீட்டு முட்டைதான் சுத்தம் என்று நம்பிக் கோழி வளர்த்த குடும்பங்கள் அவை.

நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் எத்தனையோ கதவுகளிலும் ஜன்னல் கம்பிகளிலும் இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது. உடைத்துப் போட்ட பேட்டரித் தகடு, செம்புக்காக ஒயர் எரித்த சாம்பல் இவையெல்லாம் மலையேறி வரப் பேருந்துப் பாதை ஒன்று போதும்.

இனி உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கும் ஹீம் தயாராகும் வழியில் ஏஎல்ஏடி என்றொரு நொதி வேலை செய்கிறது. அதில் துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தை ஈயம் பிடித்துக்கொள்கிறது. நொதி முடங்க, அது கையாள வேண்டிய மூலப்பொருள் தேங்குகிறது. தேங்கிய பொருள் தானே ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து செல்லைச் சிதைக்கும் ஃப்ரீ ரேடிக்கல்களைக் கிளப்பிவிடுகிறது. இன்னொரு பக்கம், செல்லுக்குள் காவல் காக்கும் குளூட்டாதியோனையும் ஈயம் பற்றி இழுத்துக் குறைக்கிறது. 1990களின் தொடக்கத்தில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டொனால்ட்சன் குழுவினர் கோழிக்குஞ்சுகளுக்கு ஈயம் கலந்த தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் அராக்கிடோனிக் அமிலத்தின் பங்கு திசுக்களில் கூடியிருந்தது. கேடு செய்யும் பொருளும் பெருகுகிறது, கேட்டுக்கு ஆளாகும் பொருளும் பெருகுகிறது.

இந்தச் சேதத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்களுக்கு வேலை இங்கேதான். செல் சவ்வில் வைட்டமின் இ நிற்கிறது. உள்ளே குளூட்டாதியோன் பெராக்ஸிடேஸ் என்ற நொதி நிற்கிறது. அந்த நொதிக்குச் செலினியம் தேவை என்பதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஹூக்ஸ்ட்ரா குழுவினர் 1973இல் நிறுவினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே அதே பல்கலைக்கழகத்தில் ஜப்பானியக் காடைகளை வைத்து இன்னொரு சோதனை முடிந்திருந்தது. அதில் விஷம் ஈயம் அல்ல, பாதரசம். காடைத் தீவனத்தில் மெத்தில் பாதரசத்தை 20 பிபிஎம் அளவுக்குக் கலந்தார்கள். ஒரு கூட்டத்துக்கு அந்த விஷம் மக்காச்சோளம்-சோயாத் தீவனத்தில். இன்னொரு கூட்டத்துக்கு 17 சதவீதம் சூரை மீன் சேர்த்த தீவனத்தில். விஷம் ஒரே அளவுதான். ஆனால் மீன் தின்ற காடைகள் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. அதற்குக் காரணம் மீனில் உள்ள செலினியம் என்று சோதனையை நடத்திய காந்தர் குழுவினர் சுட்டிக்காட்டினார்கள். பாதரசமும் செலினியமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்பது பிறகு பல சோதனைகளில் உறுதிப்பட்டது.

இந்தியாவிலும் இந்தத் தேடல் நடந்திருக்கிறது. இன்னொரு நச்சு உலோகமான காட்மியம் கொடுத்த கோழிகளுக்கு அமுக்கராக் கிழங்கும் துளசியும் சேர்த்துக் கொடுத்தபோது ஆக்ஸிஜனேற்றச் சேதம் குறைந்ததை ஹைதராபாத் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் பதிவு செய்தார்கள்.

இதைப் படித்ததும் கல்வராயன் மலைக்காரர்களுக்கு நெல்லியும் கடுக்காயும் நினைவுக்கு வரும். இரண்டும் அவர்கள் காட்டில் பொறுக்கி விற்கும் பொருள்கள், இரண்டிலும் ஆன்டிஆக்ஸிடன்ட் ஏராளம். ஆனால் கடுக்காயில் டானின் அதிகம். தீவனத்தில் டானின் மிஞ்சினால் புரதம் செரிக்காது, குஞ்சு வளராது. நெல்லியின் வைட்டமின் சி நல்லதுதான் என்றாலும், அதைக் கோழி தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்ளும். செலினியத்திலும் அளவு பிசகக் கூடாது. அமெரிக்காவில் ஒரு கிலோ தீவனத்தில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் சேர்க்க அனுமதி இல்லை. அதைவிடப் பல மடங்கு கூடினால் முட்டை பொரிக்காது, கரு ஊனமாகும். யாரோ சொன்னார்கள் என்று பொடி வாங்கித் தூவுகிற காரியம் இது அல்ல.

இந்த மலையில் உண்மையில் யோசிக்க வேண்டிய பொருள் மரவள்ளி. கிழங்கும் தோலும் கோழிக்கு எளிதாகக் கிடைக்கும் மாவுச்சத்து. மரவள்ளியில் சயனைடு தரும் பொருள்கள் உண்டு, தோலில் இன்னும் கூடுதல். உடம்பு அந்தச் சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றக் கந்தகம் செலவழிக்கிறது. அந்தக் கந்தகம் வருவது மெத்தியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களிலிருந்து. குளூட்டாதியோனைக் கட்டவும் அதே சிஸ்டீன்தான் வேண்டும். மரவள்ளியிலோ மெத்தியோனின் மிகக் குறைவு. ஆக, மரவள்ளியை மட்டும் நம்பிய கோழியின் கையிருப்பு ஈயம் வருவதற்கு முன்பே பாதி கரைந்திருக்கும்.

இதற்கு மாற்றும் மலையிலேயே இருக்கிறது. சாமை, தினை போன்ற சிறுதானியங்களில் மெத்தியோனின் ஓரளவு நன்றாகவே உண்டு. குஞ்சுகளுக்குக் கறையான் பிடித்துப் போடும் பழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் பழையது. சாணமும் ஈரச் சாக்குத் துண்டும் நிரப்பிய பானையைப் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால், விடியற்காலை திறக்கும்போது பானை நிறையக் கறையான் இருக்கும். நல்ல புரதம். கடையில் டப்பாவில் விற்கும் எந்த மூலிகைப் பொடிக்கும் முன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். முருங்கைக் கீரை கொடுத்தால் கரோட்டினும் கால்சியமும் சேரும்.

கால்சியத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈயம் குடலில் கால்சியம் போகும் வழியாகவே நுழைகிறது. தீவனத்தில் கால்சியம் குறைந்தால் அந்த வழி இன்னும் அகலமாகத் திறக்கும். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ராத்திரி நேரத்தில் தீவனக் கால்சியம் தீர்ந்ததும் பெட்டைக் கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும். எலும்பில் ஒதுங்கியிருந்த ஈயமும் அப்போது கூடவே கிளம்பும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கவலை தீரவில்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் கோழியின் ஈரலையும் சிறுநீரகத்தையும் காக்கலாம், முட்டையிடும் திறனையும் காக்கலாம். ஆனால் ஈயத்தை உடம்பிலிருந்து கழுவித் துடைக்காது. நலமாக இருக்கும் கோழி தொடர்ந்து முட்டையிடும், அந்த முட்டை குழந்தையின் தட்டுக்குப் போகும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் வகுக்க முடியாது எனக் கண்டு, பழைய வாராந்திர வரம்பையே ஐ.நா. உணவு, சுகாதார அமைப்புகளின் நிபுணர் குழு 2010இல் விலக்கிக்கொண்டது. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாக 2020இல் யுனிசெஃப், ப்யூர் எர்த் அறிக்கை சொன்னது. அவர்களில் இந்தியக் குழந்தைகள் 27 கோடிக்கு மேல். கோழித் தீவன ஆராய்ச்சிகள் பெரும்பாலும் கோழியின் எடையையும் ஈரலையும் அளந்து நிறுத்திக்கொள்கின்றன. முட்டையையும் அளந்தால்தான் அந்த ஆராய்ச்சி வீட்டுக்காரருக்கு உதவும்.

ஆகவே முதல் வேலை கோழி கிளறும் இடத்தை மாற்றுவது. உரியும் பெயின்ட் அடித்த சுவரோரம், பேட்டரி உடைத்த இடம், ஒயர் எரித்த சாம்பல் குவியல் இவற்றைச் சுற்றி முள்வேலி போட்டாலே பாதி ஆபத்து ஒழியும். சந்தேகம் இருந்தால் அந்தக் கோழிகளின் முட்டையைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காமல் நிறுத்திவைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று, வீடுகளில் சர்வசாதாரணமாக நடப்பது. உடைத்த முட்டை ஓட்டை நொறுக்கிக் கோழிக்கே திரும்பப் போடுவார்கள். கால்சியத்துக்கு நல்ல வழிதான். ஆனால் சந்தேகத்துக்குரிய இடத்தில் மேயும் கோழியின் ஓட்டில் அது வெளியேற்றிய ஈயமும் இருக்கும். அந்த ஓட்டைத் தீவனத்தில் சேர்க்காமல் ஆழமாகப் புதைத்துவிட்டு, கிளிஞ்சல் தூளோ சுண்ணாம்புக்கல் நொய்யோ தனித் தட்டில் வைத்தால் கோழி தனக்கு வேண்டியதைக் கொத்திக்கொள்ளும்.