குறைந்த கணக்கில் ஒளிந்த நோய்

இரத்தப் புற்றுநோய் என்றால் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்க, அவை பெரும்பாலும் குறைந்தே காணப்பட, ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றும் அபூர்வ வியாதியொன்றும் உண்டு. ஹேரி செல் லுக்கேமியா என வைத்தியர்கள் வழங்கும் அதனை, 1958-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்த்தா பூரோங்கிள் என்ற பெண் மருத்துவரும் அவருடைய சகாக்களும் தனியொரு நோயாகப் பிரித்து விவரித்தனர்.

ஐம்பதைக் கடந்த ஆண்களையே அதிகம் பற்றும் இந்நோய், நீங்காத களைப்பாகவோ, அடிக்கடி வரும் காய்ச்சலாகவோ, மண்ணீரல் வீங்குவதால் இடது விலாவின் கீழ் உண்டாகும் பாரமாகவோதான் முதலில் தலைகாட்டும்; மண்ணீரல் வீங்குவதற்கோ மலேரியா முதலாக எத்தனையோ சாதாரணக் காரணங்கள் இருக்கின்றன. இரத்தக் கணக்கில் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றும் குறைந்திருக்க, மோனோசைட் என்னும் வெள்ளணு வகை ஏறக்குறைய இல்லாமலே போயிருப்பது அனுபவசாலிகளை நிமிர்ந்து பார்க்கச் செய்யும். ஆனால் நோயணுக்களையே மோனோசைட்டுகளென இயந்திரம் பிழையாக எண்ணிவிடுவதும் உண்டாதலின், ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் வழியே பொறுமையுடன் நோக்கும் மனிதக் கண்ணுக்கு ஈடாக வேறெதனையும் நான் கருதேன். விளிம்பெங்கும் மெல்லிய ரோமங்கள் சிலிர்த்து நிற்கும் அந்த அணு தகட்டில் வெகு சிலவே இருக்கக்கூடும். அவசரமாகப் பார்ப்பவருக்கு அகப்படாது.

பின்னர் இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை உறிஞ்ச முயன்றால் பல வேளைகளில் ஒன்றும் வாராது. நோயணுக்களைச் சுற்றி நுண்ணிய நார்கள் பின்னி மஜ்ஜையை இறுகச் செய்துவிடுவதே அதற்குக் காரணமாகையால், வெறுமையாக வந்த ஊசியும் ஒரு சாட்சியமாகிறது. அப்போது எலும்பின் சிறு துண்டையே எடுத்து ஆராய்கிறார்கள். அணுக்களின் மேற்பரப்பில் சிடி 11சி, சிடி 25, சிடி 103 முதலிய புரதங்கள் சேர்ந்திருப்பதை ஃபுளோ சைட்டோமெட்ரி என்னும் சோதனை காட்டும். பிராஃப் என்ற மரபணுவில் நேரும் குறிப்பிட்ட மாற்றம் ஏறத்தாழ எல்லா நோயாளிகளிடமும் உண்டென்பதை இத்தாலியின் பெருஜியா நகர ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் வெளியிட்டபின், ஐயத்துக்கு இடம் மேலும் சுருங்கிற்று.

இத்தனை சிரமமும் வீணன்று. தோற்றத்தில் இதனை ஒத்த வேறு நோய்களுக்குச் சிகிச்சை வேறு. நெடுங்காலம் மண்ணீரலை அறுத்தெடுப்பதே பிரதான வழியாயிருந்த இந்நோய்க்கு, கிளாட்ரிபின் என்ற மருந்தை ஏழு நாள் செலுத்தியதில் 12 பேரில் 11 பேருக்கு நோய்க்குறிகள் முற்றும் நீங்கியதாக 1990-இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிலையத்தார் அறிவித்தனர். அம்மருந்து நோயெதிர்ப்புச் சக்தியைச் சில காலம் வெகுவாகத் தாழ்த்துமாதலால், தொற்று இருப்பின் கூடுமானவரை அதைத் தணித்த பின்னரே தொடங்குவர். அறிகுறி ஏதுமின்றி, அணுக்களும் மிகக் குறையாதிருப்பவர்க்கோ, மருந்தே கொடாமல் சில மாதங்களுக்கொருமுறை இரத்தத்தைப் பரிசோதித்து வருவர்.