குழந்தைக்கு மூச்சு வாங்குகிறதா? எண்ணிப் பாருங்கள்!

நுரையீரலில் கொக்கி போடும் கிருமி: தடுப்பு ஊசி இலவசம்

பழவேற்காடு—

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் பிள்ளைகளுக்குச் சளி பிடிப்பது வழக்கம். "சளி தானே, கஷாயம் குடுத்தா சரியாப் போயிடும்" என்று தாய்மார்கள் இருந்து விடுவார்கள். பெரும்பாலும் அப்படித்தான் சரியாகிறது. ஆனால் சில பிள்ளைகளுக்கு அந்தச் சளியே நிமோனியாவாக மாறி உயிருக்கு உலை வைத்துவிடும்!

இதற்கு முக்கியக் காரணமான கிருமியின் பெயர் நிமோகாக்கஸ். ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் இதன் உருவம். 1881-ல் பிரான்சில் பாஸ்டரும், அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள்.

மூக்கில் குடித்தனம்

இந்தக் கிருமி எங்கிருந்தோ வருவதில்லை. பிள்ளையின் மூக்கிலேயே குடியிருக்கிறது! தமிழகக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2001-ல் வெளியானது. இரண்டு மாதக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் மூக்கில் இந்தக் கிருமி இருந்தது. பலருக்கு அது ஒரு தொல்லையும் செய்யாது.

மூச்சுக்குழாயில் மெல்லிய மயிர்கள் உண்டு. உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளுவது அவற்றின் வேலை. வைரஸ் ஜலதோஷம் வந்தாலோ, அடுப்புப் புகை, பீடி சிகரெட் புகை பட்டாலோ அந்தக் காவல் தளர்ந்துவிடும். அதுதான் கிருமிக்குச் சமயம்!

கொக்கி மாட்டுவது எப்படி?

முதலில் கிருமி தன்னிடம் உள்ள ஒருவகை நொதியால் செல்லின் மேலுள்ள சர்க்கரைப் பூச்சை வெட்டி எடுக்கிறது. பிறகு, கரையில் உள்ள கட்டையில் படகைக் கட்டுவது போல, செல்லின் மேல் ஒட்டிக்கொள்கிறது. உடம்பில் இயற்கையாக உள்ள ஒரு பொருளைப் போலவே கிருமியின் மேலும் ஒரு பொருள் இருப்பதால் செல் ஏமாந்துபோய்ப் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்க விஞ்ஞானிகள் 1995-ல் இதைக் கண்டறிந்தார்கள். ஏற்கனவே புண்பட்ட செல்லில் இப்படிப்பட்ட பிடிமானங்கள் அதிகம்.

நுரையீரல் காற்றுப் பைக்குள் இறங்கிய கிருமி பெருகுகிறது. அது வெடிக்கும்போது வெளிவரும் நஞ்சு செல்களில் ஓட்டை போடுகிறது. உடனே உடம்பு வெள்ளை அணுக்களை அனுப்பிச் சண்டைக்கு இறங்குகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது. இதுதான் அழற்சி. காற்று இருக்க வேண்டிய பையில் நீரும் சீழும் நிரம்புகின்றன. பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது!

தாய்மார்கள் கவனிக்க

பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ண வேண்டும்.

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: 60 அல்லது அதற்கு மேல்.
2 மாதம் முதல் ஒரு வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்.
1 முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்.

இந்த அளவு இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கையில் நெஞ்சுக்கூட்டின் அடிப்பாகம் உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யலாம். படகேறிக் கரைக்கு வரவேண்டிய குப்பத்தார் பொழுது விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் தவறு.

காசில்லாமல் ஊசி

ஒரு காலத்தில் இதற்கான தடுப்பு ஊசியைத் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கொடுத்துத்தான் போட முடியும். 2021 முதல் தமிழக அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என மூன்று முறை. கிருமியின் மேலுறையை உடம்பு முன்கூட்டியே அடையாளம் தெரிந்துகொள்வதால், அது நுரையீரலைத் தாக்கும் முன்பே மடக்கிவிடுகிறது.

வலைக்குப் போகிறவர்களுக்கும் மீன் கூடை தூக்குகிறவர்களுக்கும் ஒரு நாள் வேலை போனால் நஷ்டம்தான். ஆனால் மூன்று நாள் ஊசிக்கு ஒதுக்கினால் பிள்ளைக்குப் பெரிய காவல். வீட்டில் உள்ள தடுப்பூசி அட்டையை இன்று இரவே எடுத்துப் பாருங்கள்!