266 ரூபாய் யூரியா: காஞ்சிபுரம் வயலில் பாதிக்கு மேல் வீணாவது ஏன்?

சென்னையில் ஒரு பிரியாணி ஆர்டர் போடும் காசுக்கு, காஞ்சிபுரத்தில் ஒரு மூட்டை யூரியா வாங்கிவிடலாம். 45 கிலோ, 266 ரூபாய் 50 காசு. தூவிய சில நாளிலேயே நெல் கரும்பச்சையாகிவிடும். பக்கத்து வயல் பச்சையாக இருக்க, நம்ம வயல் மட்டும் வெளிறி நின்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? இன்னொரு மூட்டை போயிடும்.

போட்டது எங்கே போகுது?

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. மூட்டைக்கு 20.7 கிலோ. தண்ணீர் நிற்கும் நெல் வயலில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இதில் 30 முதல் 40 சதவீதம்தான். மீதியில் ஒரு பங்கு அம்மோனியாவாகப் பறந்துவிடும். வயல் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடும் கிளம்பும். 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது.

காஞ்சிபுரமோ ஏரி மாவட்டம். வயலில் கழுவப்பட்ட சத்து ஏரியில் சேர்ந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். மணற்பாங்கான நிலத்தில் நைட்ரேட்டாக மாறி கிணற்றுக்கும் இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தாண்டினால் முதல் ஆபத்து, அந்தத் தண்ணீரில் கலக்கிய புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனே குறையும்.

விவசாயிக்கும் லாபமில்லை. தழைச்சத்து கூடினால் பயிர் கொழுத்து, புகையானும் குலை நோயும் தேடி வரும். உயரமான வெள்ளைப் பொன்னி காற்றடித்தால் சாய்ந்துவிடும். யூரியாவில் மிச்சம் பிடித்த காசு பூச்சிமருந்துக் கடைக்குப் போகும்.

ஏன் இவ்வளவு போடுறாங்க?

விலைதான் காரணம். 2010-ல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியா அதில் சேர்க்கப்படவில்லை. மற்ற உரங்கள் விலை ஏறின, யூரியா அப்படியே நின்றது. இன்று 50 கிலோ டிஏபி 1,350 ரூபாய். 2015-ல் எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானது; சத்து மெல்ல வெளியேறட்டும் என்று. 2018-ல் மூட்டையையே 50-லிருந்து 45 கிலோவாகக் குறைத்தார்கள். மூட்டைக் கணக்கில் போடுபவர் தானாகக் குறைத்துப் போடுவார் என்ற யோசனை!

ஒரு பிளாஸ்டிக் அட்டை

இதைவிட எளிமையானது இலை வண்ண அட்டை. வெளிர் பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டைகள் இருக்கும். நடவு செய்த 14-ம் நாளிலிருந்து, 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, காலை நேரத்தில் பத்து இலைகளை ஒப்பிட வேண்டும். ஆறு இலைகளாவது 4-ம் எண்ணைவிட வெளிறியிருந்தால் மட்டும் உரம். வெள்ளைப் பொன்னிக்கு 3-ம் எண். சொர்ணவாரியோ நவரையோ, ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து போதும் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. ஏக்கருக்குப் பார்த்தால் சுமார் 31 கிலோ யூரியா, ஒரு மூட்டைகூட இல்லை.

தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதால் யூரியா இன்னும் குறையும். விதைக்கு அரசு மானியத் திட்டமும் இருக்கு. ஆனால் அதற்கு 45 நாள் வேண்டும். குத்தகைக்கு ஓட்டுபவருக்கு அந்த 45 நாளும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.