கத்திப் பட்டறைக்கான பட்டை ரம்பம்

கத்திப் பட்டறைக்கான பட்டை ரம்பம் (பேண்ட் சா) என்பது கத்தி செய்வதற்கான எஃகுத் தகட்டை வேண்டிய வடிவில் அறுத்தெடுக்கப் பயன்படும் இயந்திரம் ஆகும். முனைகள் இணைக்கப்பட்ட நீண்ட ரம்பப் பட்டை ஒன்று இரண்டு சக்கரங்களின் மேல் ஒரே திசையில் ஓடி அறுக்கிறது. இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 1809-ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் இணைப்பு அடிக்கடி அறுந்ததால் இது பரவவில்லை. பிரான்சைச் சேர்ந்த ஆன் பாலின் கிரெப்பன் என்ற பெண்மணி 1846-இல் பட்டையின் முனைகளை இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே இது பயன்பாட்டுக்கு வரத் தொடங்கியது.

தேவை

கொல்லுப்பட்டறையில் இக்கருவிக்கு இடமில்லை. அரிவாளுக்குப் பெயர்பெற்ற சிவகங்கை மாவட்டத் திருப்பாச்சேத்தியிலும் சரி, சங்கரன்கோவில் வட்டாரத்திலும் சரி, கொல்லர் இரும்பை உலையில் பழுக்கக் காய்ச்சி உளியாலும் சம்மட்டியாலும் துண்டாக்கி, அடித்தே வடிவம் கொடுக்கிறார். உலையில் அடிக்காமல், தட்டையான தகட்டில் வடிவத்தை வரைந்து அறுத்து, பிறகு தேய்த்துக் கத்தி செய்பவருக்கே பட்டை ரம்பம் தேவைப்படும். ஆண்டுக்கு இரண்டு மூன்று சமையலறைக் கத்திகள் மட்டும் செய்பவருக்குக் கை ஹேக்சாவே போதுமானது. ஆங்கிள் கிரைண்டராலும் வெட்டலாம். ஆனால் தீப்பொறி, தூசி, இரைச்சல் மூன்றும் மிகுதி. வீட்டோடு சேர்ந்த பட்டறையில் இது கவனிக்க வேண்டியதாகும்.

வேகமே முதல் அளவுகோல்

தேர்வில் பெரும்பாலும் நேரும் தவறு, மரம் அறுக்கும் பட்டை ரம்பத்தை வாங்கி அதில் எஃகை அறுக்க முயல்வது. செங்கோட்டைப் பக்கத்து மர அறுவை ஆலைகளில் பெரிய மரங்களை எளிதாக அறுப்பதைப் பார்த்தவர்கள் இரும்பையும் அறுக்கும் என்று எண்ணுவது இயல்பே. சிறிய மர ரம்பங்களில் பட்டையின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர். கத்திக்குரிய உயர்கரிம எஃகுக்கு வேண்டியது 30 முதல் 45 மீட்டர் மட்டுமே. வேகம் மிகும்போது உராய்வு வெப்பத்தால் பற்களின் முனை மழுங்கிவிடும். பட்டை சில நிமிடங்களிலேயே வீணாகும்.

கப்பியை மாற்றி வேகத்தைக் குறைக்கலாமே என்ற கேள்வி எழும். இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

14 அங்குலச் சக்கரத்தின் விட்டம் 0.356 மீட்டர். சுற்றளவு = 3.14 × 0.356 = 1.12 மீட்டர்.
நிமிடத்துக்கு 35 மீட்டர் வேகத்துக்குத் தேவையான சுற்றுகள் = 35 ÷ 1.12 = ஏறத்தாழ 31.
மோட்டாரின் சுற்றுகள் 1,440 எனில், குறைக்க வேண்டிய மடங்கு = 1,440 ÷ 31 = ஏறத்தாழ 46.

மோட்டாரில் 2 அங்குலக் கப்பி இருந்தால் மறுமுனையில் 92 அங்குலக் கப்பி பொருத்த வேண்டும். இது ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். எனவே ஒரு கப்பியை மாற்றுவதால் பயனில்லை. கியர் பெட்டி தேவைப்படும். அந்தச் செலவையும் சேர்த்தே மர ரம்பத்தின் விலையை எண்ண வேண்டும்.

வகைகள்

கையடக்க வகை: குழாய் வெட்டுவோர் கையில் பிடித்துப் பயன்படுத்துவது. இதைத் தாங்கியில் செங்குத்தாகப் பூட்டி, சிறு மேசை அமைத்தால் கத்தி வேலைக்கு ஏற்றதாகிறது. இடம் குறைவாகப் பிடிக்கும். இவற்றின் வேகம் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். குறைந்த வேகமே நிமிடத்துக்கு 60 மீட்டராக உள்ள மாதிரிகளும் உண்டு. எனவே வேகக் கட்டுப்பாடு உள்ளதா, எவ்வளவு குறைக்க முடியும் என்று பார்ப்பது அவசியம்.

கிடைமட்ட வகை: கம்பி, சட்டம் ஆகியவற்றைத் துண்டாக்குவது. சிலவற்றை நிமிர்த்தி நிறுத்திச் செங்குத்தாகவும் பயன்படுத்தலாம். கப்பிகளை மாற்றி ஏறத்தாழ 25, 37, 60 மீட்டர் என மூன்று வேகங்கள் பெறலாம். பட்டறையில் இடம் உள்ளவருக்கு இது ஏற்றது.

நிலைநிறுத்தும் செங்குத்து வகை: தொழிற்சாலைகளுக்குரியது. பெரும்பாலும் மும்முனை மின்சாரம் கேட்கும். வீட்டுக்குத் தேவையில்லை.

பற்களின் எண்ணிக்கை

அறுபடும் தகட்டின் கனத்துக்குள் எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 18 பற்கள் எனில் ஒரு பல்லின் இடைவெளி 1.4 மி.மீ. 5 மி.மீ. தகட்டில் மூன்றுக்கு மேற்பட்ட பற்கள் பதியும். 3 மி.மீ. தகட்டுக்கு 24 பற்கள் கொண்ட பட்டை தேவை. மரத்துக்குரிய 6 பல் பட்டையில் ஒரு பல்லே முழுச் சுமையையும் தாங்கி உடைந்துபோகும். முதுகு நெகிழ்வான எஃகாகவும் பற்கள் அதிவேக எஃகாகவும் உள்ள ‘பை-மெட்டல்’ பட்டையே நீடித்து உழைக்கும்.

பட்டையின் அகலம் வளைவைத் தீர்மானிக்கிறது. 13 மி.மீ. பட்டையால் ஏறத்தாழ 65 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாகத் திரும்ப முடியாது. கத்திப் பிடியின் சிறு வளைவுகளுக்கு அருகருகே நேர்வெட்டுகள் இட்டு, மிச்சத்தைத் தேய்த்தெடுப்பர்.

எஃகின் பதம்

பழைய லாரி ஸ்பிரிங் தகடு ஏற்கெனவே பதமேற்றப்பட்டது. அதை அப்படியே அறுத்தால் நல்ல பட்டையும் விரைவில் மழுங்கும். காந்தம் ஒட்டாத அளவு சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் எஃகு இளகும். அறுத்து வடிவமைத்த பிறகே மீண்டும் பதமேற்ற வேண்டும்.

வாங்கும் முன்

பட்டை தேய்ந்துபோகும் பொருள். அதே நீளமுள்ள பட்டை திருநெல்வேலியிலோ மதுரையிலோ கிடைக்குமா என்று விசாரித்த பிறகே இயந்திரத்தை வாங்குவது நல்லது. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் 110 அல்லது 120 வோல்ட் இயந்திரத்தை நம் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாக இணைத்தால் மோட்டார் எரிந்துவிடும்.

பாதுகாப்பு

கண்ணாடி அணிய வேண்டும். கையுறை, தொங்கும் துண்டு, தளர்ந்த வேட்டி ஆகியவை ஓடும் பட்டையில் சிக்கிக் கையை இழுத்துவிடும். தகட்டை விரலால் தள்ளாமல் மரக்கட்டையால் தள்ள வேண்டும். வெட்டு முடியும் தறுவாயில் தடை சட்டென விலகிக் கை முன்னே பாயும். விரல் போகும் நேரம் அதுதான். ஆகவே கடைசி ஓர் அங்குலத்தில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.