யார் தயவில் நிற்கிறது?

‘அன்ஸ்டேபிள்’, ‘வாலடைல்’, ‘பிரிகேரியஸ்’ என்று எந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தேடினாலும் ‘நிலையற்ற’ என்றே எழுதிவிடுகிறோம். “எல்லாம் ஒண்ணுதானேப்பா?” என்று பிள்ளைகள் கேட்டால் தலையாட்டியும் விடுகிறோம். ஒன்றல்ல.

‘அன்ஸ்டேபிள்’ சரிதான். அதன் லத்தீன் வேருக்கு நிற்றல் என்று பொருள். நம் ‘நிலை’யும் ‘நில்’ என்பதில் பிறந்ததே. ‘வாலடைல்’ பறத்தலிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் ஆங்கிலேயர் பறவைகளையே அப்படி அழைத்தார்கள். பிறகு ஆவியாகும் திரவம், இப்போது பங்குச் சந்தை!

‘பிரிகேரியஸ்’ தனி ரகம். அதன் வேர் ‘பிரெக்ஸ்’, அதாவது வேண்டுதல். பிரார்த்தனையைக் குறிக்கும் ‘பிரே’யும் அதே குடும்பம். ரோமானியச் சட்டத்தில் ‘பிரிகேரியம்’ என்றோர் ஏற்பாடு இருந்தது. கேட்டு வந்தவனுக்கு நிலத்தை இலவசமாக அனுபவிக்கக் கொடுப்பார்கள். கொடுத்தவர் நினைத்தபோது திருப்பி எடுத்துக்கொள்ளலாம். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் இச்சொல்லுக்குப் ‘பிறர் விருப்பத்தில் நிற்பது’ என்றே பொருள். ‘ஆபத்தான’ என்பது பின்னால் ஒட்டிக்கொண்டது.

ஆக, இங்கே ஆட்டம் பொருளில் இல்லை. அடுத்தவர் கையில் இருக்கிறது. வேலை நிரந்தரமில்லாத தொழிலாளரைப் ‘பிரிகேரியட்’ என்று தலைப்பிலேயே குறித்து கை ஸ்டாண்டிங் 2011-இல் நூல் எழுதியதும் இதனால்தான். ஊர்விட்டு ஊர் வந்து, 11 மாத வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து நின்றவர்களுக்கு அகராதியே வேண்டாம். “அவர் தயவுல ஓடுது” என்கிறோமே, அதுதான் ‘பிரிகேரியஸ்’.